வெத்தல குடுத்த கை

1

ஒங்க வூட்டுக்காக ஊர்ல யாரு பேசறது?

யோசிக்காம சட்டுனு சொல்லுங்க. அப்பாவா, புருசனா, அண்ணனா? ஒங்க வூட்டுப் பொம்பளைங்க பேருல ஒண்ணு மொதல்ல வந்துச்சுன்னா நீங்க இதப் படிக்க வாணாம். அடுத்த பக்கத்துல தொடர்கதை இருக்கும், அங்க போங்க. மத்தவங்க குந்துங்க.

பத்திரிகை ஆசிரியரு எனக்கு எழுதுன லெட்டர்ல, "தம்பி, லண்டன் வாழ்க்கைய கலகலப்பா எழுதுங்க, பனி, பாதாள ரயிலு, ராணி அரமனை, இப்டி"ன்னு கேட்டிருந்தாரு. எழுதலாம்னுதான் சார் இருந்தேன். பனி வெளிய கொட்டிகினுதான் கீது. ஜன்னல்ல பாத்தா உப்பளம் மாரி கீது. போதுமா பனி? மேல போலாம்.

நான் யாருன்னா, மகாபலிபுரத்துக்குத் தெக்க கடலோரம் ஒரு மீன்புடிக் குப்பத்து ஆளு. ஊர் பேர எழுத மாட்டேன், ஏன்னு போவப் போவப் புரியும். செங்கல்பட்டு காலேஜ்ல பி.எஸ்ஸி. குப்பத்துல மொத டிகிரி நானு, அதனால எனக்கு அங்க பேரே பி.எஸ்ஸிதான். பெத்தவங்க வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டும் கீது. மெட்ராஸ்ல ஒரு கப்பல் கம்பெனில கிளார்க்கா சேந்தேன், அவங்க இங்க தூக்கிப் போட்டாங்க. ரெண்டு வருசம் முடிஞ்சி போச்சு.

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல நம்மாளுங்க ஞாயித்துக்கிழம கூடறதுக்கு ஒரு ஹால் வாடகைக்கு எடுத்து வச்சிருக்காங்க. அதுல ஒரு தமிழ் டைப் மெஷினு கீது. பாதி சாவி மாட்டிக்கும். ஹால் சாவி என்கிட்ட. காலங்காத்தால வந்து தொறந்து, ஓவர்கோட்ட கூட கழட்டாம தட்டிகினு கீறேன்.

எனக்கு டைப் சொல்லிக் குடுத்தது என் தங்கச்சி அஞ்சல. இருவது வயசு. தமிழ் லோயர் பாஸு. "கீய பாக்காதண்ணே, தாளப் பாரு"ன்னு மண்டைல கொட்டுவா. இப்ப நான் கீயையும் பாக்கல, தாளையும் பாக்கல. செவுத்துக் கடியாரத்த பாத்துகினு அடிக்கிறேன். தப்பு வந்தா ஆசிரியரு திருத்திக்கட்டும்.

ஏன் கடியாரம்னா, இன்னிக்கி அங்க மூணு மணிக்கு எங்க ஊர்க் கூட்டம். அதுல அஞ்சலைய ஒருத்தனுக்குக் கட்டிக் குடுக்கறதா எங்க சித்தப்பா வாக்கு குடுக்கப் போறாரு. அவளுக்கு அவன் வாணாம். வாணாம்னு சொல்லியாச்சு. ஆனா கூட்டத்துல அவ சொல்லு செல்லாது, அவரு சொல்லுதான் செல்லும். கூட்டத்துல குடுத்த வாக்க அப்பால மாத்துனா வூட்டையே ஊரு ஒதுக்கி வச்சிடும்.

அவரு சொல்லு ஏன் செல்லும்னா, அந்தப் பேச்ச அவரு கையில குடுத்தது நானு.

2

மொதல்ல இங்கத்த கதை.

இந்தக் குளிர்காலம் லண்டன்ல கரண்டு கிடையாது. நெலக்கரித் தொழிலாளிங்க தகராறுல வாரத்துல மூணு நாளுதான் ஆபீஸுக்கு கரண்டு. மீதி நாள் மெழுகுவத்தி ஏத்திகினு, கோட்டு போட்டுகினு வேல செய்றோம். நம்ம ஊர்ல சொன்னா எவனும் நம்ப மாட்டான், லண்டன்காரன் மெழுகுவத்தில ஃபைல் பாக்கறான்னு.

எங்க ஆபீஸ்ல மாரீன்னு ஒரு டைப்பிஸ்டு. முப்பது வயசுக்கு மேல, கல்யாணம் ஆவல. அவ வாயத் தொறந்தா ஆபீஸே சிரிக்கும். போன மாசம் ஒரு நாளு மூஞ்சி சிவந்து போயி வந்தா. தவணைல டிவி வாங்கப் போயிருக்கா. கடைக்காரன், "ஒங்கப்பாவ இட்டுகினு வாங்க மிஸ், இல்லாட்டி வூட்டுக்காரர. ஆம்பள கையெழுத்து வேணும்"னு சொல்லிட்டான்.

"எங்கப்பன் வேலைய வுட்டு ஆறு வருசமாச்சு. அந்தாளுக்கு சோறு போடறதே நானு"ன்னிருக்கா.

"இருக்கலாம் மிஸ். கையெழுத்து அவருதுதான் வேணும்."

இவ என்னா பண்ணா, கடைல விக்க வச்சிருந்த சோபாவுல குந்திகினா. கட சாத்தற வரிக்கும் எழுந்துக்கல. ஷட்டர பாதி எறக்கிட்டு அவன் கெஞ்சற வரிக்கும் குந்திகினே இருந்தாளாம்.

எங்க மேனேஜரு, "மாரீன், பேசாம என்னக் கட்டிக்கோ, கையெழுத்து இனாம்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். சிரிச்சா போதாதுன்னு சவடால் வேற வுட்டேன். "ஒனக்கு டிவிதான குடுக்கல. எங்க குப்பத்துல பொம்பள கூட்டத்துக்குள்ள காலே வைக்க முடியாது தெரியுமா"ன்னேன், எதோ எங்க ஊரு பெருசுன்ற மாரி.

மாரீன் கேட்டா, "அப்ப ஒங்கம்மாவுக்கு யாரு பேசறது?"

"சித்தப்பா. நான் வரசொல்ல எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டுதான் வந்தேன்."

"நீ ஏற்பாடு பண்ணே"ன்னா. அவ்ளோதான். மெழுகுவத்திய அவ பக்கம் இஸ்துகினு டைப்படிக்க ஆரம்பிச்சிட்டா.

அன்னிக்கி சாயங்காலம் ரூமுக்குப் போனா சித்தப்பா லெட்டரு. நாலு மூலைலயும் மஞ்சா தடவி வந்திருந்துச்சு. நம்ம மஞ்சா இவ்ளோ தூரம் நெறம் மாறாம வந்திருக்கேன்னு மோந்து கூடப் பாத்தேன்.

"அன்புள்ள மகனுக்கு, இங்கு அனைவரும் நலம். நமது அஞ்சலைக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. உன் சித்தியின் தம்பிதான். செய்யூர் பக்கம். நீ எதற்கும் கவலைப்படாதே, வர வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் நானே பேசிக் கொள்கிறேன்."

நான் சந்தோசப்பட்டேன் சார். அத மறைச்சி எழுதனா இத எழுதறதுல அர்த்தமே இல்ல. மறுநாளு ஆபீஸ்ல எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் குடுத்தேன்.

3

எங்க ஊர்க் கூட்டம் எப்டின்னு சொல்லிட்றேன்.

கடலுக்குப் போன கட்டுமரமெல்லாம் கர சேந்தப்பால, கோயிலுக்கு முன்னால மணல்ல கூடுவாங்க. சுத்தி ஒரு பெரிய வடத்தப் போட்டிருப்பாங்க, வல இழுக்கற வடம். அந்த வடத்துக்கு உள்ள ஆம்பளைங்க. பொம்பளைங்க தூரத்துல வலைக் கொட்டாய்க்குப் பின்னாடி நின்னு கேக்கலாம். வடத்தத் தாண்டக் கூடாது. வூட்டுக்கு ஒரு ஆம்பள அந்த வூட்டுப் பேச்ச வச்சிருப்பான். சண்டையோ, பங்கோ, கல்யாணமோ, அவன் சொல்றதுதான் அந்த வூடு சொல்றது.

எங்க நைனா கடல்ல போயி சேந்து பன்னெண்டு வருசம் ஆவுது. அதுலேர்ந்து பேச்சு என்கிட்ட. பதிமூணு வயசுப் பையன் வடத்துக்குள்ள குந்துவேன், மீன் கூட தூக்கி எனக்குச் சோறு போட்ட அம்மா கொட்டாய்க்குப் பின்னாடி நிக்கும். அப்ப எனக்கு அது தப்பாவே தெரியல. பெருமையா இருந்துச்சு.

லண்டன் போறேன்னதும் பெரிய ஆளுங்க கேட்டாங்க, "வூட்டுப் பேச்ச யாருகிட்ட வுட்டுட்டுப் போற?" கையில ஒரு வெத்தலையக் குடுத்தாங்க. எல்லாரும் பாக்க, நான் அந்த வெத்தலைய சித்தப்பா கையில வச்சேன். மூணு நிமிசம் ஆயிருக்கும். சித்தப்பா வெத்தலைய மடிச்சி சட்டப் பாக்கெட்டுல வச்சிகினு, "போய்ட்டு வா நைனா, நான் பாத்துக்கறேன்"னாரு.

வூட்டுக்கு வந்தா அஞ்சல வாசல்ல நின்னுகினு கீறா.

"அண்ணே, என்னக் கேட்டியா?"

"இன்னாத்த?"

"என் பேச்சயும் சேத்துதான குடுத்துட்டு வர்ற. என்னக் கேட்டியா, அம்மாவக் கேட்டியா?"

"ஏய், அது சும்மா சாங்கியம்டி. எனக்கு பெட்டி கட்டணும், தள்ளு."

தள்ளி வழி வுட்டா. அவ்ளோதான்.

4

மஞ்சா லெட்டருக்கு அப்பறம் நாலு நாள் கழிச்சி அஞ்சல லெட்டரு வந்துச்சு. எங்க வூட்டுக்கு வர்ற தபாலெல்லாம் சித்தப்பா வூட்டுக்குதான் போவும். அதனால எழுதி அம்மாகிட்ட குடுத்து, அது திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்கு மீன் எடுத்துகினு போவசொல்ல போஸ்டு பண்ணியிருக்கு. லெட்டர்ல கவுச்சி வாசன. ஒரே ஒரு பக்கம்தான், ஆனா நான் ரயில்ல எறங்க வேண்டிய எடத்த வுட்டுட்டு ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போயிட்டேன்.

நடந்தது இதான்.

எங்க குப்பத்துலேர்ந்து ஆறு பொண்ணுங்க திருக்கழுக்குன்றத்துக்கு பஸ்ல டைப் கிளாஸுக்குப் போய்கினு இருந்தாங்க. அஞ்சல ஹையர் படிக்கிறா. ஒரு நாளு பஸ்ல, எங்க ஊருப் பெரியவரோட தங்கச்சி மவன் குமாரு, மேகலான்ற பொண்ணோட சடையப் புடிச்சி சீட்டுக் கம்பில சுத்தி வச்சிருக்கான். அது எழுந்துக்க முடியாம அழுவுது. பஸ்ஸே சிரிக்குது. அஞ்சல செருப்பக் கழட்டி அவன் மூஞ்சில ஒண்ணு வச்சா.

இவங்க வூடு வந்து சேர்றதுக்குள்ள நியூஸ் வந்து சேந்துடுச்சு. மறுநாளே கூட்டம். குமாரு என்னா பண்ணான்னு ஒருத்தரும் கேக்கல. "பஸ்ல போறதாலதான இந்தப் பேஜாரு"ன்னு, வயசுக்கு வந்த பொண்ணு எதுவும் இனிமே பஸ் ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அஞ்சல எழுதறா: "கொட்டாய் பின்னாடி நின்னு கேட்டுகினு இருந்தேன். எனக்கு முன்னால அவன் வடத்துக்குள்ள கால நீட்டிகினு குந்தியிருக்கான். கன்னத்துல என் செருப்பு அச்சு கூட மறையல. நான் நடந்து போயி வடத்தத் தாண்டுனேன். தாண்டணும்னு நெனச்சிப் போவல. கேட்டுட்டு வரலாம்னுதான் போனேன். கைய வச்சவன் பஸ்ல போலாம், நான் போவக் கூடாதான்னு கேட்டேன்."

பெரியவரு மெதுவா, "இது யாரு வூட்டுப் பேச்சு?"ன்னாரு. சித்தப்பா எழுந்து, "என்னுது"ன்னுட்டு, நெடுஞ்சாண்கிடையா ஊரு முன்னால வுழுந்தாரு. "எங்க வூட்டுப் பொண்ணு தெரியாமப் பேசிட்டா, ஊரு மன்னிக்கணும்."

அஞ்சல நவுறல. "வுழுந்தது அவரு. நான் நின்னுகினுதான் கீறேன். தெரியாமப் பேசல, தெரிஞ்சிதான் பேசினேன்"னிருக்கா.

"அதுக்கப்பறம் எல்லாரும் எங்கிட்ட ரொம்ப மரியாதையா கீறாங்க அண்ணே. அதான் பயமா கீது. சித்தப்பா திட்டவே இல்ல. பழம் வாங்கினு வந்தாரு. சித்தியோட தம்பிய இட்டுகினு வந்து காட்டுனாரு. அவருக்கு ஒன்ன வுட வயசு ஜாஸ்தி. வூட்டச் சுத்திப் பாத்துட்டு, பொண்ணு ரொம்பப் பேசுமாமேன்னு கேட்டாரு. கேட்டுட்டு சிரிச்சாரு. அவரோட மொத சம்சாரம் தவறிக் கெணத்துல வுழுந்துட்டாங்களாம். சித்தி சொல்லிச்சி. ரெண்டு தரம் சொல்லிச்சி."

கடைசில ஒரு வரி: "சாங்கியம்னு சொன்னியே."

5

மறுநாளே தந்தி அடிச்சேன், ஊருப் பெரியவரு பேருக்கு. கல்யாணத்த நிறுத்தவும், பேச்சைத் திரும்ப எடுத்துக்கறேன்னு. பதிலு சித்தப்பாகிட்டேர்ந்து வந்துச்சு.

"தந்தி வந்தது. பெரியவர் என்னிடம் கொடுக்க, கூட்டத்தில் படித்துக் காட்டினேன். தந்தியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது பெரியவர்கள் அபிப்பிராயம். நீ நேரில் வந்து கேட்டால் வெற்றிலையைத் திருப்பித் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அல்லது முத்திரை போட்ட பத்திரம் அனுப்பவும். உன் அம்மாவுக்கு வயதாகிறது. தனியாக மார்க்கெட்டுக்குப் போய் வருகிறாள். அதுதான் என் கவலை."

கடைசி மூணு வரிய எத்தினி தரம் படிச்சேன்னு கணக்கு இல்ல. அன்பான லெட்டரு. யாருகிட்ட காட்டுனாலும், ஒங்க சித்தப்பா எவ்ளோ நல்லவருன்னுவாங்க.

நேர்ல போவ முடியாது. பாஸ்போர்ட்ட பர்மிட் நீட்டிக்க அனுப்பிச்சி வச்சிருக்கேன், வந்து சேர இன்னும் நாளாவும். சரி, பத்திரம். ரூம்மேட்டு சொன்னான்னு ஒரு வக்கீலப் புடிச்சேன். பம்பாய்க்காரரு, சீல் வைக்கற அதிகாரம் கீறவரு. அவரு பேசுனது இங்கிலீஷ்ல, நான் நம்ம பேச்சுல போட்றேன்.

"யாருக்குக் குடுக்கறீங்க அதிகாரத்த?"

"தங்கச்சிக்கு சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"அத நிறுத்தத்தான் சார் இந்தக் காயிதமே."

"அப்ப கன்னிப் பொண்ணு. கார்டியன் யாரு?"

"அப்பா இல்ல. நானுதான்."

"நீங்க கார்டியனு, அவங்க ஒங்க பொறுப்புல. ஒங்க அதிகாரத்த ஒங்க பொறுப்புல கீறவங்ககிட்டயே குடுத்தா, அப்பறம் அவங்கள யாரு பாத்துப்பாங்க?"

"அவளே பாத்துப்பா. இருவது வயசு சார்."

"வயச வுடுங்க"ன்னுட்டு பேனா மூடிய மாட்டினாரு. "சித்தப்பா, மாமா, அப்டி யாரும் கிடையாதா?"

நான் சிரிச்சிட்டேன். அவருக்குக் கோவம் வந்துடுச்சு. அப்பால வாங்கன்னாரு.

ரெண்டாவது தரம் போனா, காயிதத்துல நான் எழுதுன இங்கிலீஷு புரியலன்னாரு. 'என் வூட்டுப் பேச்சு'ன்றத இங்கிலீஷ்ல எப்டி சார் எழுதறது? பக்கம் பக்கமா எழுதி வச்சிருந்தேன், வடம், வெத்தல, கொட்டாய் எல்லாம் போட்டு. நமக்கே தெரிஞ்ச சங்கதிய வேற பாஷைல எழுதசொல்லதான் அது எவ்ளோ கேவலமா கீதுன்னு கண்ணுல அடிக்குது.

மாரீன்தான் அத வாங்கிப் படிச்சா. முழுசும் படிச்சா, மெழுகுவத்தி வெளிச்சத்துல, ஒரு வார்த்த சிரிக்காம. நாலே வரில சுருக்கி டைப்படிச்சிக் குடுத்தா. மூணாவது தரம் அவளும் கூட வந்து வக்கீலு எதிர்ல குந்திகினா. சோபாவுல குந்துன மாரியே. அவரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு சீல் வச்சிட்டாரு.

செவப்பு சீலு. அம்மா மார்க்கெட்டுக்குப் போவசொல்ல வாங்கிக்கட்டும்னு, திருக்கழுக்குன்றம் டைப் கிளாஸ் மாஸ்டரு விலாசத்துக்கு ரெஜிஸ்டர் ஏர்மெயில்ல அனுப்புனேன். அனுப்பிட்டு வெளிய வந்து, சாதிச்சிட்டேன்னு ரெண்டு பேரும் டீ குடிச்சோம். மாரீனுக்கு இன்னும் டிவி வரல.

6

நேத்து அஞ்சலகிட்டேர்ந்து லெட்டரு வந்துச்சு. பத்திரம் கைக்கு வர்றதுக்கு முன்னால எழுதனது. பத்திரம் அனுப்பப் போறேன்னு முன்னாடியே அதே மாஸ்டரு விலாசத்துக்கு நான் எழுதுனதுக்குப் பதிலு.

"அண்ணே, காயிதம் வந்தா வாங்கி வச்சிக்கறேன். கூட்டத்துல காட்ட மாட்டேன். கோவப்படாத, முழுசாப் படி.

காட்டுனா இன்னா சொல்லுவாங்க? அண்ணன்காரன் குடுத்தான், அதான் இவ பேசறான்னுவாங்க. மேகலாவுக்கு லண்டன்ல அண்ணன் கெடையாது. அவ இன்னா பண்ணுவா? நாளைக்கி ஒனக்குக் கல்யாணம் ஆயி, பொண்டாட்டி ஒண்ணு சொல்லி, நீ வேற மாரி ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டா, அப்ப நான் இன்னா பண்ணுவேன்? நீ போட மாட்டன்னு எனக்குத் தெரியும். வெத்தலையும் நீ குடுக்க மாட்டன்னுதான் நெனச்சேன்.

நீ அவருக்குக் குடுத்தத வேணா வாங்கிக்கோ. எனக்குக் குடுக்காத. நான் வாணாம்னு சொன்னா வாணாம்தான். அதுக்கு லண்டன்லேர்ந்து சீல் வரணுமா?"

எனக்குக் கோவம் வந்துச்சு. மூணு தரம் லீவு போட்டு, பனில அலஞ்சி, வக்கீலுகிட்ட அவமானப்பட்டு வாங்குன காயிதம். லெட்டரக் கசக்கிட்டேன். அப்பால விரிச்சி, மீதியப் படிச்சேன்.

"இப்ப இங்க ஒருத்தரும் எங்ககிட்ட பேசறதில்ல. இன்னும் ஒதுக்கி வைக்கல, ஆனா ஒத்திக பாக்கறாங்க. அம்மா கரைல மீன எடுத்து கூடைய ரொப்பி வச்சிட்டு நிக்குது, தலைல தூக்கி வைக்க ஒரு கை குடுக்க ஆளு இல்ல. எல்லாரும் நிக்கறாங்க. கண்ண மட்டும் திருப்பிக்கறாங்க. மொத நாளு அம்மா ரொம்ப நேரம் நின்னுச்சி. அப்பால பாதி மீன திரும்பக் கொட்டிட்டு, பாதிக் கூடைய தானே தூக்கினு போச்சு. இப்ப தெனம் பாதிக் கூடதான்."

கூடையப் பத்தி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ரொம்புன மீன் கூடைய ஒருத்தரு தனியா தலைக்கு ஏத்த முடியாது. குனிஞ்சி ஒரு பக்கம் இவங்க புடிக்க, இன்னொரு பக்கம் இன்னொருத்தி புடிச்சி ஏத்தி வுடணும். பேச்சுவார்த்த இல்லாத சக்களத்திங்க கூட, கூடைக்குக் கை குடுப்பாங்க. அது குடுக்கலன்னா ஊரு முடிவு பண்ணிடுச்சின்னு அர்த்தம்.

"முந்தாநாளு அந்தக் கூடையோட அடிய யாரோ கத்தில கீறி வச்சிருந்தாங்க. குமாரு தெனம் சாயங்காலம் வந்து எங்க வூட்டுக்கு எதிர்ல மணல்ல குந்திக்கறான். ஒன்னும் பண்ணல. சும்மா குந்தறான். அம்மா, அவன் எந்தப் பக்கம் குந்துனான்னு பாத்துட்டுதான் கதவச் சாத்துது.

ஞாயித்துக்கிழம மூணு மணிக்குக் கூட்டம். சித்தப்பா வாக்கு குடுப்பாரு. அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னால நாங்க வடத்தத் தாண்டி உள்ள போய் குந்திக்கப் போறோம். பதினோரு பேரு. மேகலா வர்றா, அவங்கம்மா வர்றாங்க. ஒரு ஆம்பளகிட்டயும் சொல்லல. ஒங்கிட்டதான் சொல்றேன், நீ தூரத்துல கீற.

அம்மாவ நான் இஸ்துகினு போறேன்னு நெனச்சிக்காத. மொதல்ல சொன்னதே அம்மாதான். கீறுன கூடையத் தச்சிகினே சொல்லிச்சி: மார்க்கெட்டுல நாலு தெரு கேக்கக் கத்தி விக்கறேன், போலீஸ்காரன்கிட்ட கத்தறேன், கண்டக்டர்கிட்ட கத்தறேன், இங்க வந்தா மட்டும் எனக்கு வாயி இல்லியான்னு. அப்டியே பல்லுல நூலக் கடிச்சி அறுத்துச்சு.

இது வந்து சேர்றப்ப கூட்டம் முடிஞ்சிருக்குமோ இன்னாவோ. பயமா கீதான்னு கேட்டா, கீது. மேகலா நேத்து கேட்டா, அவங்க எழுந்து அடிக்க வந்தா இன்னா பண்றதுன்னு. குந்திகினே இருக்கலாம்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கும் தெரியல."

7

லெட்டரு கூட்டத்துக்கு முன்னாலயே வந்துடுச்சு அஞ்சல. ஒரு நாளு முன்னால. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நேத்து மத்தியானம் பெரியவருக்கு இன்னொரு தந்தி அடிச்சேன். "சித்தப்பாவுக்குக் குடுத்ததை எடுத்துக்கொண்டேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை." கவுன்டர்ல கீற பொண்ணு அத ஒவ்வொரு வார்த்தையா எண்ணிட்டு, "இவ்ளோதானா?"ன்னா. இவ்ளோதான்னேன். சனிக்கிழம அடிச்ச தந்தி ஞாயித்துக்கிழம எங்க குப்பத்துக்கு வருமா, வந்தா யாரு கைக்குப் போவும், அவரு படிச்சிக் காட்டுவாரா, மடிச்சி பாக்கெட்டுல வச்சிப்பாரா, ஒன்னும் தெரியாது. அந்த சட்டப் பாக்கெட்டு மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் கீது. வெள்ள சட்ட. வெத்தலையோட பச்சை வெளிய தெரிஞ்சிது.

மாரீனுகிட்ட போன்ல சொன்னேன். "பதினோரு பேரா"ன்னு கேட்டா. "ஒருத்தி போனா தூக்கி வெளிய வைப்பாங்க. பதினோரு பேர தூக்க ரொம்ப நேரமாவும்"னா. சிரிக்க வைக்கத்தான் சொன்னா. எனக்குத் தோணுனது வேற. எங்க ஊரு ஆம்பளைங்களுக்குக் கரவல இழுத்துப் பழக்கம். கனமா கீற எதயும் சேந்து இழுப்பாங்க. அவங்களுக்கு நேரமெல்லாம் ஆவாது.

ஆசிரியரே, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இத எழுதணும்னு மொதல்ல நெனக்கசொல்ல நானு என் தங்கச்சிய எப்டி காப்பாத்துனேன்னு எழுதறதாதான் இருந்தேன். செவப்பு சீலோட முடிக்கலாம்னு. நேத்து லெட்டரு அதக் கெடுத்துடுச்சு. இப்ப நான் எழுதறது, வடத்துக்குள்ள பத்து வருசம் குந்தியிருந்த ஒருத்தன், இன்னிக்கி கொட்டாய்க்குப் பின்னாடி நின்னுகினு கீறான்னு. இங்கேர்ந்து ஒன்னும் சரியாக் கேக்கல. யாரு பேசறாங்க, யாரு கத்தறாங்க, ஒன்னும் புரியல. ரெண்டே ரெண்டு மணி நேரம் நின்னதுக்கே நிமிசத்துக்கு நாலு தரம் கடியாரத்தப் பாக்கறேன். அம்மா இப்டி எத்தினி வருசம் நின்னுச்சோ.

இங்க ஒம்போது அம்பது. அங்க மூணு இருவது. இந்த ஹால்ல போன் கீது. எங்க குப்பத்துல போன் கெடையாது.